நகரசபையின் காசில் கம்பியில்லா வலை

தெருவும் தெருவிளக்கும் குடிநீரும் நகரசபை தரவேண்டியவை என்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை. குழாயைத் திறந்தால் நீர் வருகின்றது; வராவிட்டால் நகரசபையைத் திட்டுகின்றோம். அவ்வாறு திட்டும் உரிமை நமக்கு எப்பொழுது வந்தது, எவ்வாறு வந்தது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. பொதுப் பணத்தில் நீர் தருவது தகுமா, அதனைத் தனியார் கம்பனியிடம் விட்டுவிடலாகாதா என்று ஊரே இரண்டுபட்டு வாதிட்ட காலமும் ஒன்று இருந்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பிலடெல்பியா என்னும் நகரில் 1793-ம் ஆண்டு மஞ்சட் காய்ச்சல் பரவிச் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய ஐயாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. கிணறுகளின் அசுத்தமே இதற்குக் காரணமெனப் பலர் கருதினர். உண்மையில் அந்நோயைப் பரப்புவது நுளம்பு. அது அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. பிழையான காரணத்தை நம்பியவராயினும் அவர்கள் சரியான காரியத்தைச் செய்தனர். லற்றோப் என்னும் பொறியியலாளரைக் கொண்டு நீராவி இயந்திரங்களால் ஆற்று நீரை ஏற்றி, 1801-ம் ஆண்டில் நகரத்தின் சொந்தச் செலவிலேயே குழாய் நீர் வழங்கத் தொடங்கினர்.

நியூயோர்க் நகரம் வேறு வழியிற் சென்றது. அங்கே 1799-ம் ஆண்டில் ஆரன் பேர் என்னும் அரசியல்வாதி, நகருக்கு நல்ல நீர் தருவதாகச் சொல்லி மன்ஹற்றன் கம்பனி என்ற ஒன்றுக்குச் சட்டசபையில் அனுமதி பெற்றார். நீருக்குச் செலவாகாது மிஞ்சும் முதலைக் கம்பனி தன் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்றொரு சிறு வாசகம் அந்த அனுமதிப் பத்திரத்தில் நுழைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டிலேயே கம்பனி வங்கி ஒன்றைத் திறந்துவிட்டது. வங்கி செழித்தது. நீரோ துளையிட்ட மரக்கட்டைகளின் வழியே கலங்கலாக வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுத்த பின்னர், 1842-ம் ஆண்டில், குறோட்டன் ஆற்றிலிருந்து நகரமே தன் செலவில் நீரைக் கொண்டுவர நேர்ந்தது.

நிற்க. இந்தப் பழங்கதையை இங்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. இருநூறு ஆண்டுகள் கழிந்தபின் இதே நகரங்களில் இதே வாதம் வேறோர் உருவில் மீண்டும் எழுந்தது. இம்முறை வழக்கு நீரைப் பற்றியதன்று, காற்றைப் பற்றியது. கம்பியின்றி ஆகாய வழியே செய்தியையும் இணையத்தையும் கொண்டுசெல்லும் வலையொன்றை நகரசபை தன் பணத்தில் விரிக்கலாமா என்பதே கேள்வி.

கம்பியில்லா வலை யாது?

வீட்டிலே வைஃபை பெட்டி வைத்திருப்போருக்கு இதனை விளக்குதல் எளிது. இல்லாதோர்க்குச் சிறிது சொல்லவேண்டும். வானொலி அலைகளைப் பயன்படுத்துவதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஆயினும் சில அலைவரிசைகளை அமெரிக்க அரசாங்கத்தின் செய்தித்தொடர்பு ஆணைக்குழு 1985-ம் ஆண்டில் அனுமதிப் பத்திரம் இன்றியே எவரும் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாமென்று திறந்துவிட்டது. நம் சமையலறைகளில் உணவைச் சூடாக்கும் மைக்குரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அவ்வலைவரிசைகள் ஒன்றிலேதான். அடுப்பு ஓடும்போது வைஃபை சில வேளை தடுமாறுவது இதனாலேயே.

யாரும் பயன்படுத்தலாம் என்பது இதன் பெருமை. ஒருவர் மற்றொருவருக்கு இடைஞ்சல் செய்யாதிருக்க வேண்டி, அலையின் வலிமை மிகவும் மட்டுப்படுத்தப்பட்டிருக்கின்றது. அது இதன் சிறுமை. ஆகவே ஒரு பெட்டியின் அலை சில நூறு அடிகளுக்கு அப்பால் எட்டாது. கற்சுவர் அதனைத் தடுக்கும். மரத்தின் இலைகளும் தடுக்கும். இலையிலுள்ள நீர் அலையை உறிஞ்சிவிடும். பனிக்காலத்தில் இலையுதிர்ந்த மரங்களிடையே சோதனை செய்து, நன்றாக வேலை செய்கின்றது என்று மகிழ்ந்திருப்பவன் வசந்தம் வந்ததும் தலையிற் கைவைக்க வேண்டியதுதான்.

ஒரு நகரம் முழுவதும் இதனைப் பரப்புவது எங்ஙனம்? தெருவிளக்குக் கம்பங்களில் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் பெட்டிகளை மாட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கைமாற்றுவதே வழி. ஊரில் தீப்பற்றினால் கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைக்குக் கை கொடுப்பார்களே, அதைப் போன்றது. வரிசையில் ஆட்கள் குறைந்தால் நீர் சிந்தும். பெட்டிகள் குறைந்தால் செய்தி சிந்தும். கம்பமோ பெரும்பாலும் நகரசபையின் சொத்து. இதனாலேயே எந்தக் கம்பனி வந்தாலும் நகரசபையின் கதவைத் தட்டவேண்டியதாயிற்று. வாதமும் நகரசபை மண்டபத்திலேயே நடந்தேறியது.

மீற்றரும் நாயும்

இவ்வாறான வலையை முதன்முதலில் நாடிய நகரங்களுள் ஒன்று டெக்சாஸ் மாநிலத்துக் கடற்கரை நகரமாகிய கோர்ப்பஸ் கிறிஸ்ரி. அந்நகரசபை குடிநீரோடு எரிவாயுவும் வழங்கிவந்தது. மாதந்தோறும் ஆட்கள் வளவு வளவாகப் புகுந்து மீற்றரைப் பார்த்துக் கணக்கெடுப்பது வழக்கம். அங்ஙனம் சென்ற ஒருவரை நாயொன்று தாக்கியது. ஆள் செல்லாமலே மீற்றரைப் பார்க்க இயலாதா என்ற யோசனைக்கு அதுவே தூண்டுதலாயிற்று என்று சொல்லப்படுகின்றது. மீற்றர்கள் தாமே தம் கணக்கை அலைவழியே அனுப்பும்படி வலை விரிக்கப்பட்டது. ஏறக்குறைய 147 சதுர மைல் பரப்பில் விரிந்த அதற்குச் சுமார் எழுபது இலட்சம் டொலர் செலவாயிற்று.

இங்கே வாசகர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இந்த வலையின் முதல் வாடிக்கையாளர் நகரசபையே. எத்தனை வீட்டார் சந்தா கட்டுவர் என்று சோதிடம் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. மீற்றர்களின் தொகை தெரியும். அவற்றைப் பார்க்க ஆகும் கூலியும் தெரியும். கூலி மிச்சப்படுவது எவ்வளவு என்பதைப் பென்சிலும் கடதாசியும் கொண்டே கணக்கிட்டுவிடலாம். ஒருமுறை விரித்த வலையைப் பொலிசாரும் தீயணைப்போரும் கட்டடங்களைப் பார்வையிடும் உத்தியோகத்தரும் தத்தம் வாகனத்திலிருந்தே பயன்படுத்தலாம்.

இவ்வளவு நல்ல கணக்கைக் கையில் வைத்திருந்த நகரசபை, 2007-ம் ஆண்டில் அந்த வலையை எர்த்லிங்க் என்னும் தனியார் கம்பனிக்கு விற்றுவிட்டது. அடுத்த ஆண்டிலேயே அதனை மீண்டும் தன் கையில் எடுத்துக்கொள்ளவும் நேர்ந்தது. ஏன் விற்றார்கள், ஏன் திரும்ப எடுத்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, நாம் மீண்டும் பிலடெல்பியாவுக்குப் போகவேண்டும்.

பிலடெல்பியாவின் பெருங்கனவு

2004-ம் ஆண்டில் பிலடெல்பியா மேயராயிருந்த ஜோன் ஸ்ட்றீற், நகரின் 135 சதுர மைல் பரப்பு முழுவதையும் கம்பியில்லா வலையால் மூடப்போவதாக அறிவித்தார். கோர்ப்பஸ் கிறிஸ்ரியின் நோக்கம் மீற்றர். இவருடைய நோக்கம் மனிதர். அந்நகரிலே வறிய குடும்பங்கள் மிகப் பல. அவர்கள் வீட்டில் இணையம் இல்லை. வேலைக்கு விண்ணப்பிப்பதும் பிள்ளைகள் பாடம் தேடுவதும் இணைய வழியாகிவிட்ட காலத்தில், அது இல்லாத வீட்டுப் பிள்ளை விளக்கில்லாத வீட்டுப் பிள்ளையைப் போன்றதே. வகுப்பறையில் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில் இந்த நோக்கத்தின் நியாயத்தை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எளியவர்களும் அல்லர். தொலைபேசிக் கம்பனியாகிய வெரைசன் ஒருபுறம். பிலடெல்பியாவையே தலைமையிடமாகக் கொண்ட, தொலைக்காட்சிக் கம்பிச் சேவை நடத்தும் கொம்காஸ்ட் மறுபுறம். இவர்கள் தரப்பு வாதங்களை வெறும் சுயநலமென்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. கம்பமும் தெருவும் நகரசபைக்குச் சொந்தம். எங்களுக்கு அனுமதி தருவதும் நகரசபை. அதுவே எங்களோடு கடைபோட்டு வியாபாரம் செய்யவும் வந்தால், பந்தயத்தில் ஓடுபவனே நடுவராகவும் இருப்பதாகாதா என்று கேட்டனர். இந்தத் தொழில் நுணுக்கம் விரைவில் பழையதாகிவிடும். அப்பொழுது அதனைப் புதுப்பிக்கும் செலவு வரியிறுப்போர் தலையிலன்றோ விழும் என்றும் கேட்டனர். இரண்டாவது கேள்வி எத்துணை கூர்மையானது என்பது பின்னாளில் வேறு ஊர்களிலும் தெரியவந்தது.

வாதம் நகர எல்லையோடு நிற்கவில்லை. பென்சில்வேனியா மாநிலச் சட்டசபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நகரசபையோ ஊர்ச்சபையோ காசு வாங்கிக்கொண்டு மக்களுக்கு இணையச் சேவை நடத்த விரும்பினால், முதலில் அவ்விடத்துத் தொலைபேசிக் கம்பனியைக் கேட்கவேண்டும். அக்கம்பனி பதினான்கு மாதங்களுக்குள் தான் அச்சேவையைத் தர முன்வருமாயின், சபை விலகிக்கொள்ளவேண்டும். இதுவே சட்டத்தின் சாரம். 2004-ம் ஆண்டு நவம்பர் 30-ந் திகதி இதிற் கையொப்பமிட்ட ஆளுநர் எட் ரென்டெல், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை பிலடெல்பியாவின் மேயராக இருந்தவரே என்பது விதியின் விளையாட்டு. வெரைசன் இணங்கியமையால் பிலடெல்பியாவுக்கு மட்டும் வழி விடப்பட்டது. தலைநகர்ச் சட்டசபைகளில் உரத்துப் பேச வாயில்லாத சிற்றூர்களுக்கோ கதவு சாத்தப்பட்டது. கம்பனிகள் வருவதற்கு இலாபம் போதாத ஊர்களே சபையின் உதவியை மிகவும் வேண்டி நின்ற ஊர்கள் என்பதை நினைத்தால், இந்தச் சட்டத்தை நான் நல்ல சட்டம் என்று சொல்ல மாட்டேன்.

இனி, பிலடெல்பியா என்ன செய்தது? முதலில் சுமார் ஒரு கோடி டொலர் செலவாகுமென்று மதிப்பிட்டார்கள். வரிப்பணத்தைத் தொட்டால்தானே வாதம்? தொடாமலே செய்துவிடுவோம் என்று ஒரு தந்திரமான வழியைக் கண்டார்கள். 2005-ம் ஆண்டில் எர்த்லிங்க் கம்பனி தெரிவு செய்யப்பட்டது. வலையைத் தன் காசிலேயே கட்டித் தரவும், வறிய குடும்பங்களுக்கு மாதம் 9.95 டொலருக்கும் ஏனையோருக்கு அதனிலும் இருமடங்குக்குச் சற்று மேலான விலைக்கும் சேவை நடத்தவும் அது முன்வந்தது. நகரசபைக்குச் செலவில்லை, ஏழைக்குச் சலுகை, கம்பனிக்கு இலாபம். எல்லோருக்கும் நன்மை; எவருக்கும் நட்டமில்லை. உலகத்தில் அப்படியொரு பேரம் உண்டா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். ஆனால் அன்று பிலடெல்பியாவில் மட்டுமன்றிப் பல நகரங்களிலும் அந்தப் பேரத்தை விரும்பி ஏற்றனர். கோர்ப்பஸ் கிறிஸ்ரி தன் வலையை விற்றதும் அந்த அலையிலேதான்.

கனவு கலைந்தது

கலைந்த விதம் ஆராயத்தக்கது. ஒரு சதுர மைலுக்கு இத்தனை பெட்டி போதும் என்று போட்ட கணக்குப் பிழைத்தது. சுவர்களும் மரங்களும் நாம் முன்னே சொன்ன வேலையைச் செய்தன. எண்ணியதைவிட மிகுதியான பெட்டிகளைக் கம்பங்களில் ஏற்றவேண்டியதாயிற்று, செலவு ஏறிற்று. அலை தெருவில் எட்டியது. வீட்டின் உள்ளறைக்கு எட்டவில்லை. உள்ளே எட்டவேண்டுமாயின் வேறொரு கருவி வாங்கி யன்னலருகே வைக்கவேண்டும். இதற்கிடையில், 2005-ம் ஆண்டிலேயே, வெரைசன் கம்பனி மாதம் 14.95 டொலருக்குத் தொலைபேசிக் கம்பி வழி இணையம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. மலிவான கம்பி உள்ளே வரும்போது தடுமாறும் அலைக்கு அதிகக் காசு கொடுப்பார் யார்? 2007-ம் ஆண்டிலிருந்து புதுவகைக் கைத்தொலைபேசிகளும் வந்துவிட்டன. தெருவில் நடந்துகொண்டே இணையம் பார்க்க நகரசபையின் வலை வேண்டியதில்லை என்ற நிலை பிறந்தது.

இலட்சக்கணக்கான வீடுகளுள்ள நகரத்திலே சந்தாதாரர் தொகை ஆறாயிரம் அளவில் நின்றுவிட்டது. எர்த்லிங்க் 2007-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தன் ஊழியர் சுமார் தொளாயிரம் பேரை வேலைநீக்கம் செய்தது. 2008-ம் ஆண்டு மே மாதத்தில், பிலடெல்பியா வலையை மூடப்போவதாக அறிவித்தது. அதனை நகரத்துக்கு இலவசமாகவே தர முன்வந்தும் எடுப்பார் இருக்கவில்லை. யானையை இனாமாகக் கொடுத்தாலும் தீனி போட ஒருவன் வேண்டுமன்றோ? உள்ளூர் முதலாளிகள் சிலர் வாங்கிச் சிறிது காலம் நடத்தினர். ஈற்றில் 2009-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நகரசபையே இருபது இலட்சம் டொலருக்கு அதனை வாங்குவதென முடிவாயிற்று. வாங்கியது மக்களுக்கு இணையம் தருவதற்காகவன்று. பாதுகாப்புக் கமராக்களுக்கும் நகர உத்தியோகத்தரின் வெளிவேலைக்குமே. மனிதரை நோக்கிப் புறப்பட்ட திட்டம் இறுதியில் மீற்றரிடமே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அங்கே எர்த்லிங்க் கம்பனியும் கூகிள் கம்பனியும் சேர்ந்து வந்தன. விளம்பரத்தோடு கூடிய மெதுவான இணையம் இலவசம், விரைவானது காசுக்கு. இலவசம் என்ற சொல்லுக்கு மறைவில் எங்கள் நடமாட்டத்தை வேவு பார்ப்பார்களோ என்று சிலர் அஞ்சினர். அலைகளால் உடலுக்குக் கேடு வருமோ என்று சிலர் அஞ்சினர். நகரசபையே இதனைச் சொந்தமாக நடத்தட்டும் என்று வேறு சிலர் வாதிட்டனர். வாதம் முடியுமுன்னரே, 2007-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், எர்த்லிங்க் பின்வாங்கிவிட்டது. அதற்குப் பின்னர் நவம்பரில் வாக்காளர்கள் கூடி, நகருக்கு இலவச வலை வேண்டுமென்று பெரும்பான்மையாக வாக்களித்தனர். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனபின் பந்தலுக்குத் தோரணம் கட்டியது போலாயிற்று.

வாடிக்கையாளர் நகரசபையே

இவ்வளவையும் படித்தபின் கம்பியில்லா வலை என்பதே வீண் முயற்சி என்று முடிவு செய்துவிடலாகாது. பிலடெல்பியாவில் மூடுவிழா நடந்த அதே 2008-ம் ஆண்டில் ஒக்லஹோமா நகரம் 555 சதுர மைல் பரப்புக்குத் தன் வலையை விரித்து முடித்தது. செலவு சுமார் ஐம்பது இலட்சம் டொலர். பொதுமக்களுக்கு அதிற் பங்கில்லை. பொலிசும் தீயணைப்புப் படையும் நகரப் பரிசோதகர்களும் மட்டுமே பயன்படுத்த ஏற்பட்டது. செலவில் ஒரு பகுதி, பொதுப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கப்பட்ட விற்பனை வரியிலிருந்து வந்தது. இவ்வரி இதற்காக என்று முன்னரே சொல்லி வாங்கியமையால், பின்னர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தேவை ஏற்படவில்லை.

மினியாப்பொலிஸ் நகரம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டது. 2006-ம் ஆண்டில் அது எர்த்லிங்க் கம்பனியை விட்டு, அயலூர்க் கம்பனி ஒன்றைத் தெரிந்துகொண்டது. வலையைக் கட்டுவது கம்பனியின் பொறுப்பு. ஆனால் ஆண்டுக்கு பன்னிரண்டரை இலட்சம் டொலர் வீதம் பத்து ஆண்டுகளுக்கு நகரசபை வாடிக்கையாளராக இருக்கும் என்று எழுதிக் கொடுக்கப்பட்டது. சந்தாதாரர் வந்தாலும் வராவிட்டாலும் கம்பனிக்கு அடுப்பெரியும். எதற்காக இவ்வளவு பணம் என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

2007-ம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி மாலை ஆறு மணி கழிந்து சில நிமிடங்களில், அந்நகரிலே மிசிசிப்பி ஆற்றின்மேற் சென்ற பெருந்தெருப் பாலம் வாகனங்களோடு இடிந்து வீழ்ந்தது. வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் நேரம். பதின்மூவர் உயிரிழந்தனர், 145 பேர் காயமடைந்தனர். என் மகன் எங்கே, என் மனைவி பாலத்தைக் கடந்துவிட்டாளா என்று ஊர் முழுவதும் ஒரே வேளையில் தொலைபேசியை எடுத்தால் என்ன ஆகும்? கைத்தொலைபேசிச் சேவை திணறிப்போயிற்று. அப்பொழுது நகரின் கம்பியில்லா வலை முற்றுப்பெறவில்லை. ஆயினும் பாலத்தை அண்டிய பகுதியில் அது வேலை செய்துகொண்டிருந்தது. கம்பனி அதனை அன்றே எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. மீட்புப் படையினருக்கு வேண்டிய நிலப்படங்கள் அதன் வழியே சென்றன. இடிபாட்டைக் காட்டும் கமராக்களும் அதனோடு இணைக்கப்பட்டன. எதற்காக இவ்வளவு பணம் என்ற கேள்விக்கு அந்த மாலை ஒரு விடை சொல்லிற்று.

முழு விடை என்று சொல்லமாட்டேன். ஆபத்து நாளில் உதவிய வலையைச் சாதாரண நாளில் நகரசபைத் திணைக்களங்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை. கொடுத்த காசுக்கு வேலை வாங்கவில்லை என்ற குறை பின்னர் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டது. வலையை வாங்குவது நகரசபையின் ஒரு தீர்மானம். தன் எழுதுவினைஞரையும் மேற்பார்வையாளரையும் பழைய வழக்கத்தை விட்டு அதனைப் பயன்படுத்தச் செய்வது ஆயிரம் சிறு தீர்மானங்கள். அரசாங்கக் கந்தோர்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதனை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

ஐம்பது கோடி டொலர் வலை

எல்லாவற்றிலும் பெரியது நியூயோர்க் நகரின் வலை. 2001-ம் ஆண்டு செப்டெம்பர் 11-ந் திகதி இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, உள்ளே ஏறியிருந்த தீயணைப்பு வீரருக்குக் கட்டளைகள் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. பொலிசாரும் தீயணைப்போரும் ஒருவர் செய்தியை ஒருவர் கேட்க முடியவில்லை. அந்த நினைவு பசுமையாயிருந்த காலத்தில் நகரம் எந்தக் கம்பனியையும் நம்பியிராது தனக்கென்றே வலையொன்றை அமைக்கத் துணிந்தது. 2006-ம் ஆண்டில் நோர்த்றொப் கிறமன் கம்பனியோடு ஏறக்குறைய ஐம்பது கோடி டொலருக்கு ஒப்பந்தமாயிற்று. யாரும் நுழையும் பொது அலைவரிசையன்றி, அனுமதி பெற்ற தனி அலைவரிசையிலே அது நடந்தது. பொலிசாரின் வாகன இலக்கம் வாசிக்கும் கமராக்கள், தெருச்சந்தி விளக்குகள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நீர் மீற்றர்கள் ஆகியவற்றின் செய்திகளை அது சுமந்தது. நீருக்காகத் தனியார் கம்பனியை நம்பி ஏமாந்த நகரமே இப்பொழுது தன் நீர்க் கணக்கைத் தன் சொந்த வலையில் எடுத்தது என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இத்தகைய வலைகளின் கருவிகள் அனைத்தும் ஒரே நேரத்தைக் காட்டவேண்டும். அந்நேரத்தை அவை வானத்திலே சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக் கோள்களிடமிருந்து பெறுகின்றன. அக்கோள்கள் வாரத்தை எண்ணும் முறை விசித்திரமானது. 1,024 வாரம் வரை எண்ணிவிட்டு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அதாவது இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஒருமுறை கணக்கு முதலுக்கு வரும். 1999-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒருமுறை வந்தது; அடுத்தது 2019-ம் ஆண்டு ஏப்ரில் 6-ந் திகதி. இது எவருக்கும் தெரியாத இரகசியமன்று. எச்சரிக்கையும் விடப்பட்டிருந்தது. ஆனால் நியூயோர்க் வலையின் கருவிகள் உரிய காலத்திற் புதுப்பிக்கப்படவில்லை. குறித்த நாள் வந்தது. ஐம்பது கோடி டொலர் வலை செயலற்றுப் போயிற்று. பல நாட்கள் கழிந்தே மீண்டது. நகரத்துத் திணைக்களங்களைக் கைத்தொலைபேசிக் கம்பனிகளின் சேவைக்கு மாற்றிவிடும் யோசனை அதன் பின்னர் மேலும் வலுத்தது.

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை நம்மிடையே உண்டு. நியூயோர்க் அங்குசத்துக்கு அழவில்லை. ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் அதற்குக் கொடுத்தே வந்தது. அங்குசத்தைத் துடைத்து வைக்கவேண்டிய நாளைத்தான் நாட்குறிப்பில் எழுதிவைக்கத் தவறினார்கள். கட்டடம் திறக்கும் நாளுக்கு மேயர் வருவார், பத்திரிகைக்காரர் வருவர், படம் எடுப்பர். பழுது பார்க்கும் நாளுக்கு எவரும் வருவதில்லை. வரவுசெலவுத் திட்டத்திலே முதலிற் கத்தி வைக்கப்படுவதும் அந்தப் பகுதியிலேதான்.

நகரசபை வலை விரிக்கலாமா என்று கேட்போருக்கு என் எளிய கருத்து இது. நகரத்துக்கு அன்றாடம் நடந்தே தீரவேண்டிய வேலை ஒன்று இருந்து, அதற்காகச் செலவிடும் பணம் இன்னவளவென்று தெரிந்து, இருபது ஆண்டுக்குப் பழுதுபார்க்கும் காசும் ஆளும் ஒதுக்கப்பட்டிருக்குமாயின் விரிக்கலாம். செலவேயில்லை என்று ஒருவர் வந்து சொன்னால் வாசலோடு அனுப்பிவிடலாம். ஆனால் இந்தக் கணக்கில் பிலடெல்பியாவின் வறிய வீட்டுப் பிள்ளை எங்கே வருகிறான்? மீற்றரைப் போல அவனுக்காக மிச்சப்படும் கூலி எதுவுமில்லை. பென்சிலும் கடதாசியும் வைத்துப் பார்த்தால் அவன் பெயரில் வருவது செலவு மட்டுமே. அந்தச் செலவை எவராவது வெளிப்படையாக ஏற்கவேண்டும். அன்று எவரும் ஏற்கவில்லை.

2020-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் எல்லாம் இணையத்துக்குப் போயின. பிலடெல்பியாவில் இணையமில்லாத வீடுகள் அப்பொழுதும் ஆயிரக்கணக்கில் இருந்தன. மேயர் ஸ்ட்றீற் கனவு கண்டு பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் நகரசபையும் பாடசாலைப் பகுதியும் தருமநிதியங்களும் கூடி, ஏறத்தாழ 35,000 மாணவர் குடும்பங்கள் வரை இலவசமாக இணையம் பெறும் திட்டமொன்றைத் தொடங்கின. இம்முறை பணம் யாருடையது என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. நிலையான வீடில்லாத குடும்பங்களுக்குக் கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவி கொடுக்கப்பட்டது. ஏனைய வீடுகளுக்கு இணையம் கம்பி வழியே வந்தது. அந்தக் கம்பி கொம்காஸ்ட் கம்பனியினுடையது.